"அனுமதியே வேண்டாம்" என்கிறார் பில்டர்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

லண்டன் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

1930-களில் கட்டிய செமி டிட்டாச்ட் வீடு, அதாவது ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கணவன், மனைவி, வளர்ந்துவரும் இரண்டு பிள்ளைகள். இப்போது மைத்துனர் வீட்டில் இருக்கும் மாமியையும் தங்களோடு வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். மாமிக்கு 71 வயது, முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. அதனால் மூன்று வேலைகளை ஒரே மூச்சில் செய்யத் திட்டம். பிள்ளைகளுக்காக லாஃப்ட்டில் பின்பக்கம் ஒரு டோர்மர், அதாவது கூரையிலிருந்து வெளியே நீட்டி எழுப்பும் ஜன்னல் வைத்த பகுதி. முந்தைய உரிமையாளர் சமையலறையைப் பின்னால் 3 மீட்டர் நீட்டியிருக்கிறார், அதை இன்னும் 3 மீட்டர் நீட்டுவது. தோட்டத்தின் கடைசியில் மாமிக்கு ஒரு படுக்கையறை, குளியலறை, சின்னதாக ஒரு சமையல் மேடை. பின்னாளில் அந்த அறையை வாடகைக்கு விட்டால் மோர்ட்கேஜுக்கு உதவும் என்பது கணவரின் எண்ணம்.

பில்டர் சொல்வது இது: "எதற்கும் அனுமதி வேண்டாம், எல்லாம் பெர்மிட்டெட் டெவலப்மென்ட்தான். அப்படியே ஏதாவது வந்தாலும் நாலு வருஷம் தாண்டிவிட்டால் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது." பக்கத்து வீட்டு அம்மாவும் "தாராளமாகக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் கான்கிரீட் தளம் போட்டாயிற்று. இந்த நேரத்தில், காகிதம் சரியில்லாததால் தோழி ஒருவரின் வீட்டு விற்பனை கடைசி நிமிடத்தில் நின்றுபோக, இவருக்குத் தூக்கம் போய்விட்டது. "தொடர்வதா, நிறுத்துவதா? நாமாகப் போய்க் கவுன்சிலிடம் கேட்டால் வம்பை விலைக்கு வாங்கியதாக ஆகாதா?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி, தோட்டத்து வேலையை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற இரண்டும் இன்னும் தொடங்கவில்லை என்பதால் அவற்றை ஒழுங்காகச் செய்ய உங்களுக்கு வழி இருக்கிறது. மாமிக்கு இடம் செய்வதற்கும் இதைவிட நல்ல வழி உங்கள் வீட்டிலேயே இருப்பதாக, நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் பில்டர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வீட்டுக்காரருக்கு, தனியாக விண்ணப்பிக்காமலே சில வேலைகளைச் செய்துகொள்ளும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. பெர்மிட்டெட் டெவலப்மென்ட் என்பது இதுதான். 2015-ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் அதற்கான அளவுகள் இருக்கின்றன. (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் வேறு. அங்கிருந்து படிப்பவர்கள் இங்கே சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) சிக்கல் என்னவென்றால், அந்த உரிமை வீட்டுக்குச் சேர்ந்தது, உங்களுக்குச் சேர்ந்ததல்ல. உங்களுக்கு முன் இருந்தவர் அதில் ஒரு பங்கைச் செலவழித்திருந்தால் மிச்சம்தான் உங்களுக்கு. சட்டம் கணக்கு வைப்பது "மூல வீடு" என்பதை வைத்து. 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி நின்றதோ, அதற்குப் பிறகு கட்டியதென்றால் முதன்முதலில் எப்படிக் கட்டினார்களோ, அதுதான் மூல வீடு. நீங்கள் வாங்கும்போது இருந்த வீடு அல்ல. ஆகவே பில்டரிடம் "அனுமதி வேண்டுமா" என்று கேட்பதற்கு முன், "இந்த வீட்டில் இன்னும் எவ்வளவு உரிமை மிச்சம் இருக்கிறது" என்று பார்க்க வேண்டும். உங்கள் பில்டர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லாஃப்ட்: 54 எப்படி வந்தது?

செமி டிட்டாச்ட் வீட்டுக்குக் கூரையில் கூட்டக்கூடிய கன அளவு மொத்தம் 50 கன மீட்டர். வரிசை வீடுகளுக்கு 40. பில்டர் வரைந்த டோர்மர் 30 கன மீட்டர் என்று அவருடைய தாளிலேயே இருக்கிறது. 50-க்குள் இருக்கிறதே என்று நினைத்திருப்பார். ஆனால் முந்தைய உரிமையாளர் பக்கவாட்டில் சரிந்திருந்த கூரையை நேர்ச்சுவராக உயர்த்தியிருக்கிறார். கவுன்சில் இணையதளத்திலிருந்து நீங்கள் எடுத்து அனுப்பிய பழைய வரைபடத்தில் அதன் அளவு 24 கன மீட்டர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்த இடம் இன்று பெட்டி அடுக்கத்தான் பயன்படுகிறது என்றாலும் கணக்கில் அது உண்டு. 24-ம் 30-ம் சேர்ந்தால் 54.

நான்கு கன மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டுமல்ல, டோர்மர் முழுவதுமே அந்த உரிமைக்கு வெளியே போய்விடும். எனவே வரைபடத்தை 26-க்குள் சுருக்குங்கள். சரியாக 26 என்று நிற்காமல் கொஞ்சம் குறைவாகவே வைக்கச் சொல்லுங்கள். தளத்தில் வேலை நடக்கும்போது அளவு எப்போதும் வளரத்தான் செய்யும். அதோடு, கூரையின் விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி எழுப்ப வேண்டும், கூரையின் உச்சியைவிட உயரக் கூடாது, தெருவைப் பார்த்த முன்கூரைச் சரிவில் எதுவும் நீட்டக் கூடாது. பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தால் உள்ளே தெரியாத கண்ணாடி போட வேண்டும். திறக்கும் பகுதி அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேலேதான் இருக்கலாம். பெரிய டோர்மரேதான் வேண்டுமென்றால் முழு விண்ணப்பம் போடலாம். கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். அப்போது முடிவு கவுன்சில் கையில் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள்: உங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதியில், அதாவது கன்சர்வேஷன் ஏரியாவில் வருகிறதா? வந்தால் டோர்மருக்கு இந்த உரிமையே கிடையாது. சில தெருக்களுக்கு மட்டும் கவுன்சில் "ஆர்ட்டிக்கிள் 4" என்ற உத்தரவு போட்டு இந்த உரிமைகளில் சிலவற்றை நீக்கிவைத்திருக்கும். இரண்டையும் கவுன்சிலின் வரைபடத்தில் தேடிப் பார்த்துவிடலாம்.

சமையலறை நீட்டல்

செமி வீட்டில் பின்பக்கம் ஒரு தளம் மட்டும் 3 மீட்டர் வரை நீட்டலாம். அந்த 3 மீட்டர் மூல வீட்டின் பின்சுவரிலிருந்து அளக்கப்படும், உங்கள் முந்தைய உரிமையாளர் அதைத் தீர்த்துவிட்டார். ஆனால் முன்கூட்டியே கவுன்சிலுக்கு அறிவித்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்கும் முறையில் போனால் செமிக்கு மொத்தம் 6 மீட்டர் வரை போகலாம். பழைய 3-ம் புதிய 3-ம் சேர்ந்து அந்த 6-க்குள் வருகிறது. பக்கத்து வீட்டார் யாரும் ஆட்சேபிக்காவிட்டால், அளவுகள் சரியாக இருக்கும்வரை தடை இல்லை. யாராவது ஆட்சேபித்தால், அவர்களுக்கு வெளிச்சம் குறையுமா, வீடு அடைபட்டது போல் ஆகுமா என்று கவுன்சில் பார்க்கும். 42 நாளுக்குள் முடிவு வர வேண்டும். மறந்துவிடக் கூடாத விஷயம்: இந்த வழி கட்டுவதற்கு முன் மட்டும்தான். கடைக்கால் தோண்டியபின் போனால் கதவு மூடிவிடும், முழு விண்ணப்பம்தான்.

இங்கே இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று மோதுவதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. லாஃப்ட்டில் படுக்கையறை வந்தால், தீப்பிடித்த நேரத்தில் மேலேயிருந்து இறங்கி வாசல்வரை பாதுகாப்பாக வர ஒரு வழி வேண்டும் என்கிறது கட்டட விதி. படிக்கட்டு ஒரு நடையில் இறங்க வேண்டும், நடையிலிருந்து நேரே வாசல், அந்த வழியில் திறக்கும் அறைகளுக்குத் தீயைத் தாங்கும் கதவுகள், ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் ஓடும், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம். உங்கள் சமையலறை வரைபடத்திலோ நடைக்கும் வரவேற்பறைக்கும் நடுவிலுள்ள சுவரை உடைத்து எல்லாவற்றையும் ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். அப்படியானால் லாஃப்ட்டிலிருந்து இறங்கும் படி நேரே அடுப்படியில் வந்து நிற்கும். மேலே தூங்கப்போவது பிள்ளைகள். அந்தச் சுவரைத் தொடாதீர்கள். கூடம் திறந்திருக்கத்தான் வேண்டுமென்றால், தீயணைப்புத் தெளிப்பான் போன்ற மாற்று ஏற்பாட்டுக்கு, கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், செலவும் கூடும்.

பில்டிங் கண்ட்ரோல் என்பது பிளானிங்கிலிருந்து முற்றிலும் வேறான ஒன்று. பிளானிங் அனுமதி தேவைப்படாத வேலைக்கும் இது தேவைப்படும். ஒன்று வெளியே எப்படித் தெரிகிறது, அக்கம்பக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கிறது. மற்றது இரும்பு உத்தரம் தாங்குமா, தீயில் தப்பிக்கலாமா, ஈரம் ஏறுமா என்று பார்க்கிறது. பெரும்பாலும் வீட்டு விற்பனை முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்: வேலை விதிப்படி முடிந்தது என்று காட்டும் முடிப்புச் சான்றிதழை வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார், அது இருக்காது. உங்கள் தோழிக்கும் இதுவே நடந்திருக்கலாம். முன்பு விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் தர ஒரு வருடம்தான் அவகாசம். 2023 அக்டோபர் 1 முதல் அது பத்து வருடம். "பில்டரே எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று விடாதீர்கள். ஆய்வாளர் வந்து போன குறிப்பு ஒவ்வொன்றும் உங்கள் பெயரில் உங்கள் மின்னஞ்சலுக்கு வரட்டும்.

தோட்டத்து அறையும் "நாலு வருஷமும்"

தோட்டத்தில் கட்டும் அறைக்கும் சட்டத்தில் உரிமை உண்டு, ஆனால் அது வீட்டுக்குத் துணையான பயன்பாட்டுக்கு: சாமான் வைக்க, உடற்பயிற்சி செய்ய, பிள்ளைகள் விளையாட. ஒருவர் அங்கேயே படுத்து எழுந்து சமைத்துக் குடியிருப்பது துணைப் பயன்பாடு ஆகாது. குடியிருப்பவர் உங்கள் சொந்த மாமி என்பதாலும் அது மாறாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது உயரம். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் தளம் வேலியை ஒட்டி இருக்கிறது, வரைபடத்தில் உயரம் 2.9. ஆக, வெறும் சாமான் அறையாகக் கட்டினாலும் இந்த வடிவத்தில் அது தவறு.

இனி அந்த நான்கு வருடக் கணக்கு. அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது பத்து வருடமாகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே கட்டி முடித்தவர்களுக்குத்தான் பழைய கணக்கு, உங்களுக்கு அது இல்லை. அதோடு, மறைத்து வைத்துக் காலம் கடத்துவதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. சர்ரேயில் ஒருவர் வைக்கோல் கட்டுகளை உயரமாக அடுக்கி, அதன் பின்னால் கோட்டை போல ஒரு வீட்டைக் கட்டி, நான்கு ஆண்டு தாண்டிய பிறகு வைக்கோலை எடுத்தார். அந்த மறைப்பை எடுப்பதும் கட்டுமானத்தின் ஒரு பகுதிதான், எனவே அதுவரை காலக் கணக்கே தொடங்கவில்லை என்று தீர்ப்பானது. 2016-ல் வீட்டை இடித்தார்கள்.

வாடகை யோசனையைக் கணவர் கைவிட வேண்டும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தோட்டத்து அறையை வெளியாருக்கு விட்டால் அது தனி வீடு என்றாகிவிடும். அனுமதியில்லாமல் கட்டுவது அந்த நிமிடமே குற்றமல்ல. ஆனால் கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் கொடுத்த பிறகும் பணியாமல் இருந்தால் அது குற்றம். தண்டனை வந்தால், அதுவரை வாங்கிய வாடகையையும் 2002-ஆம் ஆண்டுக் குற்ற வருமானச் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்யக் கேட்கலாம். லண்டன் கவுன்சில்கள் இதைச் செய்தும் இருக்கின்றன. பல ஆண்டு வாடகை மொத்தமாகப் போகும், அபராதம் தனி.

மாமிக்கு எங்கே இடம்?

உங்கள் வரைபடத்தில் வீட்டின் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு கராஜ் இருக்கிறது. அதில் இப்போது சைக்கிளும் பழைய சலவை இயந்திரமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு படுக்கையறையும் சின்னக் குளியலறையும் ஆக்கலாம். தரைத்தளம், படி இல்லை. ராத்திரியில் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கும். முழங்கால் வலி உள்ளவரைக் குளிர்காலத்தில் தோட்டம் தாண்டிப் போய் வரச் செய்வதைவிட இது அவருக்கும் மேல். வீட்டோடு ஒட்டிய கராஜை அறையாக்க, அதன் பெரிய கதவிருந்த இடத்தில் சுவரும் ஜன்னலும் வைக்க, பெரும்பாலும் பிளானிங் அனுமதி தேவைப்படாது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே பாருங்கள். வீடு 1930-களில் கட்டியது, ஆனால் கராஜ் பிற்காலத்தில் அனுமதி வாங்கிச் சேர்த்ததாக இருக்கலாம். அந்தப் பழைய அனுமதியில் "கார் நிறுத்த மட்டுமே" என்று ஒரு நிபந்தனை இருந்தால், அதை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், பழைய கராஜ் சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் சுவர், தரையில் ஈரத்தடுப்பு இருக்காது, கதவிருந்த இடத்துக்கு அடியில் கடைக்கால் இருக்காது. இவற்றைச் சரிசெய்வதுதான் அங்கே உண்மையான செலவு, இதற்கும் பில்டிங் கண்ட்ரோல் உண்டு. போட்டு முடித்த கான்கிரீட் தளம் வீணாகாது. 2.5 மீட்டருக்குள் ஒரு சாமான் அறை கட்டிக்கொண்டால் கராஜில் இருப்பதெல்லாம் அங்கே போய்விடும்.

பக்கத்து வீட்டு அம்மாவின் சம்மதம்

அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். ஆனால் அது பிளானிங் அனுமதிக்குப் பதிலாகாது, அவர் நாளை மறுத்தாலும் அதுவே தடையாகிவிடாது. அவருடைய எழுத்து தேவைப்படும் இடம் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், நம்மவர்கள் பார்ட்டி வால் என்று சொல்வது. லாஃப்ட் உத்தரத்தை இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஏற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அவர் வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள், அவர் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் ஒரு மாதம் முன்பு. 1930-களின் கடைக்கால்கள் ஆழம் குறைந்தவை, ஆகவே உங்கள் சமையலறைக்கு இது அநேகமாகப் பொருந்தும். நோட்டீஸ் கிடைத்து 14 நாளுக்குள் அவர் எழுதித் தராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், சர்வேயர் வைக்க வேண்டிவரும், செலவு வழக்கமாக உங்கள் தலையில் விழும். அதனால் தபாலில் திடீரென்று அனுப்பாதீர்கள். நோட்டீஸை நீங்களே எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து விளக்கி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் அவர் பக்கச் சுவர்களைப் படம் எடுத்து இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு விரிசல் தெரிந்தால் அது புதிதா பழையதா என்ற பேச்சே வராது.

கவுன்சிலிடம் கேட்டால் வம்பா?

இல்லை. கேட்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது: சட்டபூர்வ மேம்பாட்டுச் சான்றிதழ். "நான் கட்டப்போவது உரிமைக்குள் வருகிறது" என்று வரைபடத்தோடு விண்ணப்பித்தால் கவுன்சில் அளவுகளையும் சட்டத்தையும் மட்டும் பார்க்கும். பிடித்திருக்கிறதா, தெருவுக்குப் பொருந்துகிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. சான்றிதழ் கையில் இருந்தால் விற்கும் நாளில் ஒருவரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. கட்டணம் வழக்கமான வீட்டு விண்ணப்பத்துக்குரியதில் பாதி. 2025 ஏப்ரலில் அந்த விண்ணப்பக் கட்டணம் 528 பவுண்டு ஆனது, ஆண்டுதோறும் மாறும், அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாஃப்ட்டுக்கும் கராஜுக்கும் இந்தச் சான்றிதழை வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கவுன்சில் சம்பந்தப்படாத மூன்று காகிதங்களும் உண்டு. உங்கள் பத்திரத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க நிலப்பதிவேட்டின் பிரதியை எடுங்கள். பிளானிங் அனுமதி இருந்தாலும் அந்த நிபந்தனை செல்லும். மோர்ட்கேஜ் கொடுத்தவருக்கும் வீட்டுக் காப்பீட்டாருக்கும் வேலை தொடங்கும் முன் எழுதுங்கள். புதிய சமையலறைக்கு அடியில் பக்கத்து வீட்டோடு பகிரும் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து செமிகளில் வீட்டின் பின்னால்தான் அது பெரும்பாலும் போகும். 2011 அக்டோபர் முதல் அத்தகைய பொதுக் குழாய்கள் தண்ணீர் நிறுவனத்துக்குச் சொந்தம், அவர்களின் ஒப்புதல் இல்லாமல் மேலே கட்டக் கூடாது.

கவுன்சில் வரி உடனே ஏறுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டை நீட்டியதற்காக உங்கள் வரிப் பிரிவு அன்றே மாறாது, வீடு விற்கப்படும்போதுதான் மறுபரிசீலனைக்கு வரும். கராஜ் அறையில் தனிச் சமையலறையும் தனி வாசலும் வைத்தால் அதைத் தனிக் குடியிருப்பாகக் கணக்கிட வாய்ப்பு உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் 65 வயது தாண்டிய உறவினர் அங்கே இருந்தால் விலக்கு கேட்கலாம். ஆனால் மாமி உங்களோடுதான் சாப்பிடப்போகிறார் என்றால் அந்தச் சமையல் மேடையே வேண்டாம், ஒரு கெட்டில் போதும்.

பில்டரோடு இன்னும் எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை என்கிறீர்கள், அது நல்லதாயிற்று. போடும்போது இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள்: சான்றிதழில் உள்ள வரைபடத்தின்படி மட்டுமே கட்ட வேண்டும், கடைசித் தவணை பில்டிங் கண்ட்ரோலின் முடிப்புச் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்த பிறகுதான். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.